கொடி தைத்த கைகள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துப் பழமொழி. உத்தியோக நிமித்தமாக நான் வாழ்ந்து வரும் ஹுப்பள்ளி நகரத்தில் ஆடி மாதத்தில் அம்மி பறப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் மேகங்கள் நாள் முழுவதும் நூல் நூலாகத் தூறிக்கொண்டிருக்கும். கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரையில் வரும். நம் ஊர்களிலிருந்து புதிதாக இங்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் சலித்துக்கொள்வது இந்தத் தூறலையும் இந்த மண்ணையும்தான். பிறகு பழகிப் போகிறது. சோள ரொட்டியும் பழகிப் போகிறது.

அப்படிப்பட்ட ஒரு தூறல் நாளில், மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு இந்நகரத்தின் ஒரு பகுதியாகிய பெங்கேரிக்குச் சென்று வந்தேன். வீட்டிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரும் தொலைவுதான். காசி ராமேசுவரம் போய் வந்தவர்கள் எழுதும் பத்திரிகையில் இதையும் ஒரு யாத்திரை என்று எழுதலாமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். படித்து முடித்தபின் அவர்களே தீர்மானிக்கட்டும்.

யாத்திரைக்குக் காரணமாக இருந்தது ஒரு கேள்வி. என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டு வந்திருந்தாள். அதில் வெள்ளைக் குல்லாய் அணிந்த ஓர் அம்மையார் மடியில் கொடியை விரித்து வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். எதிரில் ஜார்ஜ் வாஷிங்டன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். "அமெரிக்கக் கொடியை முதலில் தைத்தவர் பெட்சி ராஸ் என்று போட்டிருக்கிறது, அப்பா. நம் கொடியை முதலில் தைத்தது யார்?" என்று கேட்டாள். நான் பத்தாம் வகுப்பு வரையில் படித்தவன். இரயில்வே பார்சல் காரியாலயத்தில் எழுத்தர். கொடியை வடிவமைத்தவர் யார் என்று கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். தைத்தவர் யார் என்று அதுவரையில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காகப் படித்தவற்றை முதலில் இங்கே தருகிறேன்.

பெட்சி ராஸ் கற்பனைப் பாத்திரம் அல்லர். எலிசபெத் கிரிஸ்கம் என்ற பெயருடன் 1752-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்தவர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த பெரிய குடும்பம். பிலடெல்பியா நகரத்தில் இருக்கைகளுக்கும் கட்டில்களுக்கும் துணி வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தொழில் பழகினார். அங்கு உடன் தொழில் பழகிய ஜான் ராஸ் என்பவரை, வேறு சபையைச் சேர்ந்தவராயிருந்தும், 1773-இல் வீட்டாருக்குத் தெரியாமல் மணந்துகொண்டார். அதனால் தம் சமயக் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே, 1776-ஆம் ஆண்டு ஜனவரியில், கணவர் இறந்துபோனார். இருபத்துநான்கு வயதில் கைம்பெண்ணாகி, ஊசியை நம்பிக் கடை நடத்தினார். இரண்டாவது கணவர் கப்பலில் சென்று ஆங்கிலேயரிடம் பிடிபட்டுச் சிறையில் மாண்டார். பிறகு மூன்றாம் மணம். ஏழு பெண் மக்களைப் பெற்று, எண்பத்துநான்கு வயது வரையில் வாழ்ந்து, 1836-இல் மறைந்தார். இவ்வளவும் சரித்திரம்.

இனி ஐதிகம். 1776-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வாஷிங்டனும், ராபர்ட் மாரிஸ், ஜார்ஜ் ராஸ் என்ற இரு பிரமுகர்களும் அவருடைய கடைக்கு வந்தார்களாம். ஒரு கொடியின் படத்தைக் காட்டித் தைத்துத் தர இயலுமா என்று வினவினார்களாம். படத்தில் நட்சத்திரங்களுக்கு ஆறு முனைகள் இருந்தனவாம். "ஐந்து முனைதான் எளிது" என்று சொல்லி, துணியை மடித்து, கத்தரியால் ஒரே வெட்டில் ஐந்து முனை நட்சத்திரத்தை எடுத்துக் காட்டினாராம் அந்த அம்மையார்.

இக்கதையை முதன்முதலில் பொது அவையில் சொன்னவர் அவருடைய பேரர் வில்லியம் கான்பி. சொன்ன ஆண்டு 1870. அதாவது நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்குத் தொண்ணூற்றுநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. பாட்டியார் இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. குடும்பத்துப் பெண்கள் கேட்டறிந்ததை உறுதிமொழியாக எழுதிக் கொடுத்தார்கள். வேறு சான்று அகப்படவில்லை. அந்நாட்டு அவை கொடியைத் தீர்மானித்தது 1777-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாளில்தான். வடிவமைத்தமைக்காக எனக்கு ஊதியம் தரவேண்டும் என்று 1780-இல் அவைக்கு விண்ணப்பித்தவர் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்ற வேறொருவர். இருந்தாலும் கதை பரவியது. 1876-இல் அந்நாட்டின் சுதந்திர நூற்றாண்டு வந்தது. பிறகு பெரிய ஓவியம் ஒன்று வரையப்பட்டு 1893-ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஆர்ச் தெருவில் அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சிறு வீடு இன்று யாத்திரை ஸ்தலம் போல் ஆகிவிட்டது.

கதை இவ்விதம் இருக்க, ஓர் ஏட்டுக் குறிப்பு மட்டும் உண்மையாக நிற்கிறது. 1777-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் கப்பற்படைக் குழுவினர், கப்பல் கொடிகள் தைத்தமைக்காக எலிசபெத் ராஸ் என்பவருக்குப் பதினான்கு பவுன் பன்னிரண்டு ஷில்லிங் இரண்டு பென்ஸ் கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். காரியாலயத்தில் ரசீது எழுதிப் பிழைக்கிறவன் ஆகையால், வாஷிங்டன் வந்து நின்ற படத்தைக் காட்டிலும் இந்த ஒரு வரி என் மனத்தைத் தொட்டது. யாரோ ஓர் எழுத்தர் கூலி கொடுத்தபோது பெயரையும் எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதனால் இருநூற்றைம்பது ஆண்டுகளாக அந்த அம்மையாரின் உழைப்புக்குச் சாட்சி இருக்கிறது.

அதே நகரத்தில் கொடி தைத்தவர் இவர் ஒருவரே அல்லர். மார்கரெட் மானி என்பவர் 1775-இலேயே கப்பலுக்குக் கொடி தைத்துக் கொடுத்திருக்கிறார். ரெபெக்கா யங் என்ற அம்மையாரும் கொடி தைத்தார். அவருடைய மகள் மேரி பிக்கர்ஸ்கில் பால்டிமோர் நகரத்தில் 1813-இல் முப்பது அடிக்கு நாற்பத்திரண்டு அடி அளவில் ஒரு கோட்டைக்குக் கொடி தைத்தார். அதற்கு 405 டாலர் 90 சென்ட் பெற்றார். அக்கொடி இன்றும் வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெருங்கொடியைத் தைக்க உடன் உட்கார்ந்தவர்களில் கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும் ஒருத்தி. ஒப்பந்தத்தின்பேரில் அவ்வீட்டில் பணி செய்தவள். ஒரு பெயர் புகழடைந்தால் பல பெயர்கள் அதன் நிழலில் மறைந்துவிடுகின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து மாநாட்டில் இந்தியாவுக்கென ஒரு கொடியை உயர்த்திக் காட்டினார் பிகாஜி காமா அம்மையார். ஆந்திரத்தைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா 1921-இல் விஜயவாடாவில் காந்தியடிகளிடம் கொடி வடிவம் ஒன்றைக் கொடுத்தார். 1931-இல் காவி, வெண்மை, பச்சை என்ற வரிசையில் நடுவே இராட்டையுடன் காங்கிரஸ் மகாசபை அதை ஏற்றது. 1947-ஆம் ஆண்டு ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானம் கொண்டுவர, இராட்டை இருந்த இடத்தில் அசோகச் சக்கரம் அமைந்த இன்றைய கொடி ஏற்கப்பட்டது. அச்சமயத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியான பத்ருதீன் தயாப்ஜியின் மனைவியார் சுரையா தயாப்ஜியின் மேற்பார்வையில் முதல் கொடி தைக்கப்பட்டது என்றும், அதுவே நேருவின் காரில் பறந்தது என்றும் அக்குடும்பத்தார் கூறுவர். எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டாலும், மேற்பார்வை என்ற சொல்லிலேயே ஊசி பிடித்த கை வேறு என்பது விளங்குகிறது. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் நள்ளிரவில், பாரதப் பெண்களின் சார்பில் ஹன்சா மேத்தா அம்மையார் சபையில் கொடியை அளித்தார். கொடுத்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது.

சென்ற ஆண்டு விடுப்பில் சொந்த ஊருக்குப் போனபோது, சென்னையில் ஒரு நாள் தங்கி, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு சென்றோம். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அதிகாலை அக்கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு அடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள பட்டுக் கொடி. வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைத்திருக்கிறார்கள். பட்டு நைந்து போகக் கூடாது அல்லவா? இருட்டில் கண் பழகிய பிறகுதான் மூன்று நிறங்களும் தெரிந்தன. பலர் வந்தார்கள், கைகூப்பினார்கள், போனார்கள். என் தாயார் மட்டும் நெடுநேரம் நின்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பட்டில் இவ்வளவு நீளம் சுருக்கம் விழாமல் இணைப்பது லேசு இல்லையடா. யார் தைத்தார்களோ, கை நல்ல கை" என்று சொன்னார்கள்.

என் தாயாரைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தகப்பனார் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ஹுப்பள்ளி இரயில்வே தொழிற்சாலைக்கு வேலையாக வந்தவர். பணியில் இருக்கும்போதே காலமானார். எனக்கு அந்த உத்தியோகம் கிடைக்கும் வரையில் எங்களைக் காப்பாற்றியது ஒரு கால்மிதி தையல் எந்திரம். குடியிருப்பிலிருந்த கன்னடத்தார், தெலுங்கர், மராத்தியர், நம்மவர் அனைவருடைய வீட்டு ரவிக்கைகளும் பள்ளிச் சீருடைகளும் எங்கள் கூடத்தில்தான் தைக்கப்பட்டன. பாஷை தெரியாத ஊரில் என் தாயார் முதலில் கற்ற கன்னடச் சொற்கள் அங்குலக் கணக்குகளே.

இப்போது பெங்கேரிக்கு வருகிறேன். கர்நாடக கதர் கிராமோத்யோக சம்யுக்த சங்கம் 1957-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொடங்கப்பெற்றது. அதன் கொடித் தொழிற்கூடம் இங்கே இருக்கிறது. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்றுக் கதர்த் தேசியக் கொடி தயாரிக்கும் இடம் என்று நாடு முழுவதும் இதற்குப் பெயர் உண்டு. தரநிர்ணய வரிசையில் முதல் எண்ணே, ஐ.எஸ். 1 என்பதே, தேசியக் கொடிக்கு உரியது என்பதை நான் அறிந்தது அன்றுதான். உலகத்தின் மிக நீளமான நடைமேடை எங்கள் நிலையத்தில் 1507 மீட்டரில் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கும் நாங்கள், இதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அனுமதி கேட்டு உள்ளே சென்றோம். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்திரங்களின் சப்தம் மழைச் சப்தத்தோடு கலந்து கேட்டது. என் மகள் காதில், "பாட்டியின் எந்திரம் போலவே சத்தம், ஆனால் நிறையப் பாட்டிகள்" என்றாள். எங்களுக்கு வழி காட்டிய நடுவயது அம்மையாரை நான் 'அக்கா' என்று அழைத்தேன். தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவாக உள்ள சொற்களில் இது ஒன்று. இந்த ஊரில் எனக்கு எத்தனையோ கதவுகளைத் திறந்து விட்ட சொல். கொடியை அவர் 'பாவுட' என்றார். நம் பழைய தமிழிலும் 'பாவட்டா' என்று கொடிக்கு ஒரு பெயர் உண்டு.

அந்த அக்கா விளக்கியதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பஞ்சைக் கையால் நூற்க வேண்டும். நூலைக் கைத்தறியில் நெய்ய வேண்டும். இந்நெசவு பாகல்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நடைபெறுகிறது. தார்வாட் அருகிலுள்ள கரக் கிராமமும் கொடித் துணிக்குப் பெயர் பெற்றது. வந்த துணியை வெளுத்து, மூன்றில் ஒரு பங்குக்குக் காவியும் ஒரு பங்குக்குப் பச்சையும் ஏற்ற வேண்டும். வெள்ளைத் துணியில் இருபத்துநான்கு ஆரங்கள் உள்ள சக்கரத்தை அச்சிட வேண்டும். இதுதான் கண்ணுக்குச் சோதனை. ஒரு புறம் அச்சிட்ட சக்கரத்தின் மேல் மறுபுறத்துச் சக்கரம் ஒரு மயிரிழையும் விலகாமல் அமைய வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிய வேண்டும். அதன் பின்னரே மூன்று துணிகளையும் இணைத்துத் தைப்பது. கம்பத்துப் பக்கத்தில் கயிறு கோத்து மரக்கட்டை பொருத்துவது கடைசி வேலை.

அளவுகள் ஒன்பது. மிகப் பெரியது இருபத்தோரடிக்குப் பதினான்கடி. மிகச் சிறியது மேசைமேல் வைக்கும் 150 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டர். கார்களுக்கு ஓர் அளவு, குடியரசுத் தலைவர் முதலியோர் ஏறும் விமானத்துக்கு ஓர் அளவு. எந்த அளவாக இருந்தாலும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் மாறக் கூடாது. நிறம், நூல், தையல், அளவு இவற்றில் பிழை கண்டால் அத்தொகுதி முழுவதும் தள்ளப்படும் என்று அக்கா சொன்னார்.

தைத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம் என் மகள் போய் நின்றாள். எத்தனை கொடி தைத்திருக்கிறீர்கள் என்று தன் பள்ளிக் கன்னடத்தில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்து, "எண்ணியதில்லை, கண்ணு. எண்ணினால் தையல் கோணிவிடும்" என்றாள். நீங்கள் தைத்த கொடி எங்கே பறக்கிறது என்று தெரியுமா என்றதற்கு, "தெரியாது. ஆனால் டி.வி.யில் எங்கே கொடி பறந்தாலும் நான் ஓரத்தைத்தான் பார்ப்பேன்" என்று பதில் வந்தது. சென்னைக் கோட்டையில் என் தாயார் நின்ற நிலை எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே ஒரு வருத்தத்தையும் கேட்டேன். மறைப்பது முறையன்று. முன்பு சட்டப்படி தேசியக் கொடி கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் அமைய வேண்டும். 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் திருத்தப்பட்டு, பாலியஸ்டர் துணிக்கும் எந்திர நெசவுக்கும் இடம் தந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வீடுதோறும் கொடி என்ற இயக்கம் நடந்தபோது கடைகளில் எங்கும் மலிவான கொடிகள். எதிர்பார்த்த ஆர்டர்கள் வரவில்லை என்று சங்கத்தார் அப்போதே கவலை தெரிவித்துத் திருத்தத்தைத் திரும்பப் பெறும்படி கேட்டார்கள். நாடெங்கும் எல்லா வீட்டிலும் கொடி பறக்க வேண்டுமானால் விலை மலிவாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நியாயமே. அந்த ஆண்டு நானும் தெருவோரத்தில் ஒரு பாலியஸ்டர் கொடியைத்தான் வாங்கி மாடியில் கட்டினேன். அதன் சக்கரம் நடுவில் இல்லை, வட்டமாகவும் இல்லை. பெங்கேரியில் அந்த வெள்ளைத் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டியபோது, எனக்கு அது நினைவுக்கு வந்து முகம் சுருங்கியது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் எங்கள் பார்சல் காரியாலயத்துக்குக் கதர்க் கட்டுகள் வரும். எடை போட்டு, சேருமிடம் எழுதி, சரக்கு என்ற இடத்தில் 'துணி' என்று பதிவு செய்து அனுப்புவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. துணி என்பது பொய்யில்லை. ஆனால் பிலடெல்பியாவின் எழுத்தர் என்னைவிட ஒரு வார்த்தை கூடுதலாக எழுதியிருக்கிறார்.

மேசையில் வைக்கும் சிறு கொடி ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். என் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஓரம் மடித்த இடத்தை விரலால் தடவினார்கள். "சுத்தமான வேலை" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. பிறகு பேத்தி படப் புத்தகத்தைப் பார்த்துக் காகிதத்தை மடித்து நட்சத்திரம் வெட்ட முயல்வதைக் கவனித்தார்கள். இரண்டு காகிதம் வீணாயின. மூன்றாவது மடிப்பை அவர்களே சரிசெய்து கொடுத்தார்கள். ஒரே வெட்டு, ஐந்து முனைகளும் விரிந்தன. நான் பெட்சி ராஸின் கதையையும், அதற்குச் சான்றில்லை என்பதையும் கூறினேன். "வாஷிங்டன் வந்தாரோ இல்லையோ, இந்த வெட்டை ஒரு தையற்காரிதான் சொல்லியிருக்க வேண்டும். துணியும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆண்பிள்ளைகள் ஆறு முனை வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள்" என்றார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, எனக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது.

இந்த இடத்தில் நம் சங்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் மேடையின் பின்னால் நாம் கட்டும் அரக்கு நிறப் பதாகையை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். சங்கத்தின் பெயரை மஞ்சள் துணியில் எழுத்து எழுத்தாக வெட்டி அதில் பதித்துத் தைத்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சாயம் சற்று மங்கியிருக்கிறது. ஓர் எழுத்தும் பிரியவில்லை. அது எங்கள் கூடத்தில் தைக்கப்பட்டது. நான் சிறுவன். விழாவுக்கு முந்தைய மூன்று இரவுகள் கூடம் முழுவதும் அரக்குத் துணி பரவிக் கிடக்க, நாங்கள் அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டோம். 'ழ' எழுத்தின் வளைவு எப்படி வரும் என்று எல்லாரும் மலைத்தபோது, ரவிக்கைக் கழுத்து வெட்டத் தெரிந்தவளுக்கு இது ஒரு பாடா என்று என் தாயார் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பெங்கேரியிலிருந்து வந்த வாரத்தில், செயலாளர் அவர்களின் அனுமதியோடு சங்கத்தின் பழைய கணக்கேட்டைப் புரட்டினேன். அந்த ஆண்டுப் பக்கம் கிடைத்தது. அரக்குத் துணி இத்தனை கஜம், மஞ்சள் துணி இத்தனை, நூல்கண்டு இத்தனை, மூங்கில் இரண்டு என்று பைசா தவறாமல் எழுதியிருக்கிறது. தைத்தவர் பெயர் இல்லை. கணக்கு எழுதியவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கூலி கொடுத்திருந்தால் பெயர் ஏறியிருக்கும். கூலி வாங்கவில்லை, ஆகவே செலவு இல்லை, ஆகவே வரி இல்லை. பெட்சி ராஸின் பெயர் ஏட்டில் நின்றதற்குக் காரணம் அவர் கூலி பெற்றது. அன்பினால் செய்த வேலைக்குக் கணக்கேட்டில் பத்தி கிடையாது என்பதை எழுத்தர் உத்தியோகத்தில் பல ஆண்டுகள் இருந்தும் நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

இந்தக் கட்டுரையில் அவர்கள் பெயரைக் குறிப்பிடப் போவதாக என் தாயாரிடம் சொன்னேன். மகிழ்வார்கள் என்று நினைத்தேன். எந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "என் பெயரை மட்டும் போட்டால் அந்த அமெரிக்கக் கதை மாதிரிதான் ஆகும். நாங்கள் நாலு பேர் தைத்தோம். எழுத்து வெட்டியவள் ஒருத்தி, ஓரம் மடித்தவள் ஒருத்தி, விளக்குப் பிடித்தும் காபி போட்டும் கூட உட்கார்ந்தவள் ஒருத்தி. மின்சாரம் நின்றுபோன இரவில் அவள் விளக்குப் பிடிக்காவிட்டால் நீ சொல்லும் அந்த 'ழ' கோணலாகத்தான் இருந்திருக்கும். போட்டால் நாலு பேரையும் போடு. இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்" என்றார்கள்.

அந்த மூவரில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. ஒருவர் கணவர் ஓய்வு பெற்றதும் விழுப்புரம் பக்கம் போய்விட்டார். ஒருவர் மகனோடு வேறு மாநிலத்தில் இருப்பதாகக் கேள்வி. அவர்களைக் கேளாமல் பெயர்களை அச்சில் ஏற்றுவது முறையாகாது என்பதால் இங்கே நான் எழுதவில்லை. ஆனால் செயலாளர் அவர்கள் பெரிய மனத்துடன் இசைந்து, அந்தக் கணக்கேட்டின் அதே பக்கத்து ஓரத்தில், நான்கு பெயர்களையும் என் தாயார் சொன்ன வரிசைப்படி எழுதிக் கையெழுத்திட்டார்கள். விளக்குப் பிடித்தவர் பெயர் முதலில் இருக்கிறது.

என் மகளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நம் நாட்டின் முதற்கொடியைத் தைத்தது யார் என்று ஒரு பெயரைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பெங்கேரியில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயரைக் கேட்டு வராமல் போனோமே என்று அவள் என்னைக் கடிந்துகொண்டாள். மழை சற்று விட்டதும் மறுபடியும் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் சங்கத்துக்கு வெகுநாள் பழகிய அன்பர்கள் பலர் இதைப் படிப்பார்கள். விழாப் பந்தியில் நூறு பேருக்குச் சமைத்தவர்கள், நாடகத்துக்கு உடை தைத்தவர்கள், பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்களில் கணக்கேட்டில் இடம்பெறாதவர் யாரேனும் நினைவுக்கு வந்தால், செயலாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பக்கத்து ஓரங்களில் இன்னும் இடம் இருக்கிறது. எழுதித் தரும் வேலையை நான் செய்கிறேன்.